விதி பதினொன்றும் வெல்லத் தண்ணீரும்

விதி பதினொன்று, உட்பிரிவு ஆ: "ஓடுதளத்தின் மேற்பரப்பில் மாற்றம் செய்யப்படுமானால், போட்டிக்கு ஏழு நாட்களுக்கு முன்பே எல்லா உறுப்பினர்களுக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மாற்றிய தளத்தில் ஒரு மணி நேரமாவது பயிற்சி ஓட்டம் தர வேண்டும்."

இதை எழுதியவன் நான்தான். எங்கள் ரிமோட் கார் சங்கத்துக்கு விதிமுறை வேண்டும் என்று பேச்சு வந்தபோது, ஆயுள் முழுக்க அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவர் என்ற ஒரே தகுதியில் வேலையை என் தலையில் கட்டினார்கள். பத்தொன்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம்கூடப் படிக்காமல் கைதட்டி நிறைவேற்றினார்கள். படிக்காமல் நிறைவேற்றிய விதியும் விதிதான் என்பது என் கட்சி.

நாங்கள் ஓட்டுவது பொம்மைக் கார் என்று என் மைத்துனர் சொல்வார். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், பாட்டரியில் ஓடும், மண் தளத்தில் பந்தயம் விடுவதற்கென்றே செய்த கார். பொம்மையின் ஷாக் அப்சார்பருக்குள் எந்த எண்ணெய் ஊற்றுவது என்று எந்தக் குழந்தையும் மூன்று நாள் யோசிக்காது. திருமழிசையில், தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு விவசாயக் குடும்பத்தின் தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஓடுதளம் அமைத்திருந்தோம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் கணினி வேலையில் இருப்பவர்கள். ஓய்வு பெற்றவன் நான் ஒருவன்தான்.

அந்த ஆண்டுப் போட்டிக்கு முன்பு செயலாளர் ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தார். முதல் பிரிவில் பத்துப் பேர் இருக்கிறோம். இறுதி ஓட்டத்தில் முதல் ஆறு இடத்துக்குள் வராதவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அப்படி இறங்குபவருக்கு அறுபது வயது கடந்திருந்தால் அவர் இரண்டாம் பிரிவுக்கும் போக முடியாது. நேராக 'மூத்தோர் பிரிவு'தான். மூத்தோருக்கு வேகம் குறைந்த மோட்டார். ஓட்டம், மற்றவர்கள் சாப்பிடும் இடைவேளையில். சங்கத்தில் அறுபதைக் கடந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க ஒரு விரல் போதும்.

செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் குடியிருக்கிறார். மரியாதை குறையாமல் ஆளைத் தள்ளத் தெரிந்தவர்.

"உங்க நல்லதுக்குத்தானுங்க சார். எங்க வேகத்துக்கு நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க?"

"சிரமம் என்னோடது. அதுக்குத் தனியாப் பிரிவு வேண்டாம்," என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பகல், கார்ப் பெட்டியோடு பஸ் ஏறித் தளத்துக்குப் போனேன். போட்டி அந்த ஞாயிற்றுக்கிழமை. உதிரிச் செம்மண்ணாக இருந்த தளம் கருத்து, இறுகி, பளபளத்துக் கிடந்தது. நிலத்துக்காரர் மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா சார், உன்க்கு மட்டும் சொல்லலியா? நாலு நாளா சாய்ங்காலம் ஆனா வெல்லத் தண்ணி ஊத்தி, வண்டி உட்டுகினு கீறானுங்க. எறும்பு எங்க ஊடு வரிக்கும் வந்துகினு கீது. என் சம்சாரம் என்னப் போட்டுத் திட்டுது."

வெல்லத் தண்ணீர் ஊற்றினால் மண் இறுகி, டயருக்குப் பிடிப்புக் கூடும். உதிரி மண்ணுக்குத் தயார் செய்த காரை அங்கே ஓட்ட முடியாது. உதிரி மண்ணில் உயரமான முள் வைத்த டயர், இளகிய ஸ்பிரிங், மெல்லிய எண்ணெய், தரையிலிருந்து நல்ல உயரம் எல்லாம் வேண்டும். வெல்ல மண்ணில் அதே காரைத் திருப்பினால் டயர் தரையைக் கவ்விக்கொள்ளும், மேலுடம்பு தன் போக்கில் போகும், கார் மல்லாந்துவிடும்.

விதி பதினொன்றை மேற்கோள் காட்டி, பயிற்சி நேரம் கேட்டு, மூத்தோர் பிரிவை ஆட்சேபித்து, அன்றே கடிதம் எழுதி விரைவுத் தபாலில் அனுப்பினேன். மறுநாளே அது சேர்ந்துவிட்டதாகத் தபால் துறையின் இணையதளம் சொன்னது. செயலாளர் போனில் பேசினார்.

"வாட்ஸ்அப்புல போட்டிருக்கலாமுங்களே சார்."

"வாட்ஸ்அப்புக்குக் கோப்பு எண் கிடையாது. பதிலும் எழுத்துலயே குடுங்க."

பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தே கேட்டேன். கேட்காமல் விட்டால், சம்மதித்ததாகக் கோப்பில் ஏறிவிடும்.

நிலத்துக்காரர் அதே மண்ணை இரண்டு மூட்டை தந்தார். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு வெல்லம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது, கலக்கியதே அவர்தான். கொரட்டூர் வீட்டு மொட்டைமாடியில் மண்ணைப் பரப்பி, வெல்லத் தண்ணீர் தெளித்து, அடித்துக் கெட்டிப்படுத்தினேன்.

"மாடியில பாயசம் காய்ச்சறீங்களான்னு எதிர் வீட்டம்மா கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?" என்றாள் மனைவி.

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் சொல்றேன்னு சொல்லு."

"எறும்பு அதுவரைக்கும் காத்திருக்குமா?"

கொக்கித் தராசில் காரை மாட்டி, பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தேன். எவ்வளவு இழுத்தால் நகர்கிறதோ அவ்வளவு பிடிப்பு. மண் ஈரமாக இருந்த காலையில் கணக்கு ஒன்று. பன்னிரண்டு மணி வெயிலில், மண் காய்ந்து கடலை மிட்டாய் மாதிரி ஆனபின், அதைப்போல ஒன்றரை மடங்கு. மூன்று நாளும் அப்படியே.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. செயலாளரும் அவர் கோஷ்டியும் அலுவலகம் முடிந்து, புதிதாகத் தண்ணீர் ஊற்றிய ஈரத்தில் பழகியவர்கள். இறுதி ஓட்டமோ பகல் பன்னிரண்டரைக்கு. வேலை நாளில் பகல் பன்னிரண்டரைக்கு மண் எப்படி இருக்கும் என்று பார்க்க நேரமுள்ளவன் சங்கத்தில் நான் ஒருவன்தான்.

முள் தேய்ந்த பழைய டயர்களைத் தேடி எடுத்து மாட்டினேன். ஸ்பிரிங்கை விறைப்பாக்கி, கனமான எண்ணெய் ஊற்றி, காரைத் தரையோடு தரையாக இறக்கினேன். முன் டயர்களின் ஓரங்களில் உடனடிப் பசையைத் தடவிக் காயவிட்டேன். பசை இறுகினால் ரப்பர் அந்த இடத்தில் கவ்வாது, வழுக்கும். கார் கவிழாமல் சறுக்கித் திரும்பும். பசையோடு என் இரண்டு விரல்களும் சேர்ந்துகொண்டன. வெந்நீரில் வைத்துப் பிரித்தெடுத்தாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுபவர்கள் நிற்கும் மேடையில் எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"நின்னுட்டே ஓட்டறதுக்குச் சிரமமா இருக்குமுங்க சார்," என்றார் செயலாளர்.

"நல்லதாப் போச்சு. பையை வைக்க இடம் தேடிட்டிருந்தேன்."

பையை நாற்காலியில் வைத்துவிட்டு நின்றேன். பத்துக் கார்களும் கிளம்பின. முதல் வளைவிலேயே இரண்டு மல்லாந்தன. கவிழ்ந்த காரை நிமிர்த்த ஆட்கள் ஓடினார்கள். அவர்கள் நிமிர்த்தி வைப்பதற்குள் மூன்றாவது கவிழ்ந்தது. கம்பி வேலிக்கு வெளியே நிலத்துக்காரரின் குரல்:

"தோ, இன்னொண்ணு! கரப்பான் மாரி காலத் தூக்கிகினு கீது பாரு மாமே!"

செயலாளரின் கார் எல்லோரையும்விட வேகம். எல்லோரையும்விட அதிகமாகவும் கவிழ்ந்தது. என்னுடையதும் ஒரு முறை கவிழ்ந்தது, அதை மறைப்பானேன்? ஐந்து நிமிட ஓட்டம் முடிந்தபோது நான் நான்காவது. செயலாளர் ஏழாவது.

"மெல்லப் போயே தப்ச்சிக்கினியே சார்!" என்றார் நிலத்துக்காரர்.

"மெல்லப் போகலை. கவிழாமப் போனேன்."

முடிவுப் பட்டியலில் எல்லோரையும் கையெழுத்திட வைத்து ஒரு நகல் வாங்கிக்கொண்டேன். செயலாளர் கடைசியாகக் கையெழுத்திட்டார். மூத்தோர் பிரிவுக்கு ஆளில்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டும் நான் முதல் பிரிவில்தான் ஓட்டுவேன், நின்றுகொண்டு.

என் கடிதத்துக்குப் பதில் ஒருவழியாகத் தபாலில் வந்தது, இரண்டே வரி. கேட்டபடி சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரப் பயிற்சி அனுமதிக்கப்படுகிறது. மூத்தோர் பிரிவு மறு உத்தரவு வரை ஒத்திவைக்கப்படுகிறது. போட்டிக்கு முந்தைய வியாழக்கிழமை எழுதியதாகத் தேதி போட்டிருந்தார்கள். உறையிலிருந்த தபால் முத்திரைக்கு அந்த விவரம் தெரியவில்லை. நான் என் வழக்கப்படி கடிதத்தின் ஓரத்தில், பெறப்பட்ட நாளை மட்டும் சிவப்பு மையில் குறித்தேன்: போட்டி முடிந்து பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை.