சத்தமில்லாமல் ஓடிய டேப்

"இந்த மெஷினு டேப்ப சாப்பிட்டுடும்லா?" என்று பியாட்ரிஸ் அக்கா கேட்டபோது, பாவம், டேப் வீணாகிவிடும் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்து, "சேச்சே, நல்லா ஓடும்கா" என்றேன். அவர் முகம் அப்படியே வாடிப்போனது. சாப்பிட்டுவிடும் என்று என் வாயால் கேட்கத்தான் அவர் வந்திருந்தார். எனக்குத்தான் புரியவில்லை.

கெலாங் பாத்தாவில் எங்கள் வரிசை வீடுகளில் வீடியோ ரிக்கார்டரை இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். ஓடாத மிக்சியைக்கூடப் போடமாட்டேன். அதற்காக என் வீட்டுக்காரரிடம் வாங்காத திட்டு இல்லை. அதனால்தான் அமண்டா என்னிடம் வந்து கேட்டிருந்தாள்: "ஆன்டி, உங்க ரிக்கார்டர சனிக்கிழம குடுங்க. அலமாரியில அப்பாவோட அடக்க டேப் கெடைச்சிருக்கு."

அமண்டா, பியாட்ரிஸ் அக்காவின் ஒரே மகள். அக்கா வீட்டுக்காரர் ரபேல் அண்ணன் ஆயர் ஈத்தாம் ரோட்டில் லாரி மோதி இறந்தபோது இவள் வயிற்றில் இருந்தாள். அக்கா அப்போது மூவாரில் சோபா தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், சின்ன வயசு. பிறகு இங்கே வந்து மெத்தை உறை, கர்ட்டன் என்று தைத்தே மகளைப் படிக்க வைத்தார். அவள் இப்போது தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். அக்காவின் தைரியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை எங்கள் வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது. நாங்கள் குடும்பத்தோடு மேஜை மேல் ஏறி நின்று கத்தினோம். அவர் துணி அளக்கும் கட்டையோடு வந்து, அதை வாய்க்காலுக்குத் தள்ளிவிட்டு, மறுபடியும் போய்த் தைக்க உட்கார்ந்துவிட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷி என் சமையலறையில் வாசலைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

"என்னக்கா ஆச்சு? அவ அப்பாவத்தானே பாக்கப் போறா?"

"அவர பாக்கட்டும்லா. நான் பேசினதும் அதுல இருக்குமே."

சவப்பெட்டியை மூடும்போது அக்கா தன் வயிற்றைப் பார்த்து, "அப்பன முழுங்கிட்டியே, நீ எனக்கு எதுக்கு?" என்று கத்தினாராம். ஒருதடவை இல்லை, கல்லறைக்குக் கிளம்பும் வரைக்கும் கத்தினாராம். வீடியோக்காரன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவனையே சாவுக்கும் கூப்பிடுவார்கள், வர முடியாத சொந்தக்காரர்களுக்குக் காட்டவேண்டுமே. அக்கா அந்த டேப்பை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, ரபேல் அண்ணன் அதில் இருக்கிறாரே.

"அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். பெத்தவளே வேணாம்னு சொன்னத காதால கேட்டுட்டுத்தான் இந்த வீட்ட விட்டுப் போகணுமா?" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

யோசித்து ஒரு வழி சொன்னேன். ரிக்கார்டரையும் டிவியையும் சேர்ப்பது மூன்று ஒயர். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. "மஞ்சள மட்டும் குத்துங்கக்கா. கேட்டா, பழைய மெஷினு, சத்தம் போயிருச்சுன்னு நான் சொல்றேன்." என்னைப் பெரிய மூளைக்காரி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் ரிக்கார்டரோடு அக்கா வீட்டுக்கு நானும் போனேன். அக்காவைத் தனியாக விடப் பயமாக இருந்தது. "நான் மாட்டறேன், நீ தள்ளு" என்று மகளை விலக்கிவிட்டு அக்காவே டிவிக்குப் பின்னால் குனிந்தார். ஊசியில் ஒரே தடவையில் நூல் கோர்க்கிற கை அது. மஞ்சள் ஒயர் ஓட்டைக்குள் போகவே மாட்டேன் என்றது. கடைசியில் அதை மாட்டி, மற்ற இரண்டையும் ரேக்குக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கோடு கோடாக ஓடி, படம் வந்தது. வீடு நிறைய ஆட்கள், வாய்கள் அசைகின்றன, சத்தம் இல்லை. பெட்டிக்குள் ரபேல் அண்ணன் முகம். அமண்டா எழுந்து டிவிகிட்டே போனாள்.

"நெத்தி எனக்கு மாதிரியே இருக்குல்ல?" என்றாள். பிறகு திரும்பி, "சத்தம் எங்க?"

நான் என் பொய்யைச் சொன்னேன்.

"அலமாக், ஆன்டி! படம் இவ்ளோ நல்லா வருது, சத்தம் மட்டும் எப்படி போவும்?" என்று போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு பின்னால் குனிந்தாள். என் மணிக்கட்டை அக்கா பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

"ஒயரே மாட்டலம்மா!"

மாட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாட்டு வந்தது. ஆர்கனோடு சர்ச் பாட்டு. வீடியோக்காரன் டேப் முழுக்கப் பாட்டைப் போட்டு ரொப்பி வைத்திருந்தான். ஃபாதர் ஜெபம் சொல்வதுகூடக் கேட்கவில்லை. என் கல்யாண டேப்பும் இப்படித்தான், மேளத்துக்குப் பதில் சினிமாப் பாட்டுதான் இருக்கும். இதை முன்பே யோசித்திருந்தால் இத்தனை பாடு இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, "இரு, காப்பி கலக்குறேன்" என்று எழுந்தார்.

"அம்மா, இது நீங்களா?"

பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புடவையில், நிறைமாத வயிற்றோடு ஒரு சின்னப் பெண். இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கித் தன் வயிற்றிலேயே அடிக்கிறாள். இரண்டு பேர் கையைப் பிடிக்கிறார்கள். உதறிவிட்டு மறுபடியும் அடிக்கிறாள். பாட்டு அதுபாட்டுக்கு மெதுவாகப் போகிறது.

அக்கா இதை என்னிடம் சொல்லவே இல்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

அமண்டா டேப்பை நிறுத்தினாள். ஓங்கிய கை அப்படியே திரையில் நடுங்கிக்கொண்டு நின்றது. எழுந்து என் வீட்டுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது எனக்கு.

"இதுக்குத்தான் ஒயர மாட்டலையா?"

அக்கா இந்தமுறை மறைக்கவில்லை. அன்றைக்குக் கத்தியதை, ஒரு வார்த்தை விடாமல், மகள் முகத்தைப் பார்த்தே சொன்னார். "சொன்னது மட்டுந்தான் எனக்கு ஞாபகம் இருந்திச்சி. அடிச்சது தெரியலம்மா. சத்தியமா தெரியல."

அமண்டா திரும்பித் திரையைப் பார்த்தாள். அப்பாவை இல்லை, அந்த வயிற்றை. பிறகு வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவ்ளோ அடிச்சும் நான் போகலையேம்மா" என்றாள்.