ஜெமிமாவுக்கு ஒரு வாடகைக் கார்

டேஷ்போர்டில் ஒரு தட்டு விழுந்தால் கிளட்ச். இரண்டு தட்டு என்றால் கியர். உள்ளங்கையை விரித்துப் படாரென்று ஓர் அடி விழுந்தால், எதிரே மாடு நிற்கிறது, நான் அதைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பாடம் நடத்தும்போது ஜெமிமா மேடம் வாயைத் திறப்பதில்லை. "பேசிப் பேசித் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு சார். வர்ற அத்தன பேருக்கும் அதே நாலு வார்த்த. ரோட்டுல நிக்கிற மாட்டுக்கே இந்நேரம் கியர் போட வந்திருக்கும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஐம்பது வயதில் கார் பழகப் போன எனக்கு இது வேண்டியதுதான்.

காரைக்கால் கடற்கரைச் சாலையில், கூரையில் 'இஞ்ஞாசி டிரைவிங் ஸ்கூல்' பலகையோடு ஒரு வெள்ளைக் கார் குலுங்கிக் குலுங்கிப் போனால், ஸ்டியரிங்கில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். இடது பக்க இருக்கையில் இருப்பவர் ஜெமிமாதான். இருபது வருடமாக அதே இருக்கை. ஜன்னலில் ஊன்றிய இடது கை வெயிலில் கறுத்து, வலது கையைப் பார்த்தால் வேறு யாருடையதோ என்று தோன்றும். இஞ்ஞாசி என்பவர் அவருடைய கணவர். மாதா கோவில் தெருவில் இருக்கும் ஆபீசில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, பேப்பரை வரி விளம்பரம் வரைக்கும் படிப்பார். நல்ல மனிதர். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும்.

என் வகுப்பு மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. பிரான்சில் கடை திறக்கும் நேரமும் அதுதான். நான் சேர்ந்த சில நாளிலேயே இது என் தலையெழுத்தில் சேர்ந்துவிட்டது. டேஷ்போர்டில் செருகிய போன் ஸ்பீக்கரில் இருக்கும். ஒரு கை எனக்குத் தட்டும். வாய், தெரிந்த இங்கிலீஷில் அந்த ஊர் வாடகைக் கார் கம்பெனிகளோடு மன்றாடும். ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசுவாள். கிரெடிட் கார்டு இருக்கிறதா என்பாள். டெபிட் கார்டு இருக்கிறது, அதில் பணமும் இருக்கிறது என்பார் இவர். மன்னிக்கவும் மேடம், நல்ல நாளாக அமையட்டும் மேடம்.

"நல்ல நாளாம்ல! நாசமாப் போக" என்று போனைப் பார்த்துச் சொல்வார் ஜெமிமா. பிறகு என்னிடம் திரும்புவார். "ஏன் சார், கையில இருக்கிற காசுக்கு மரியாத இல்லையா? கடன் வாங்கத் தெரிஞ்சவனுக்குத்தான் கார் குடுப்பானாம். வண்டிக்கு ஏதாவது ஆனா அந்த கார்டுலேர்ந்து பிடிச்சுக்குவானாம். அடப் பாவிங்களா, நான் வண்டிய இடிக்கிற ஆளா?"

எதற்கு இந்த அலைச்சல் என்றால், ஜோவிதாவுக்காக. ஒரே மகள். மருமகன் அமலன் பிரெஞ்சுக் கடற்படையில் இருக்கிறார். இப்போது கப்பலில் எங்கோ. ஜோவிதா வயிற்றில் குழந்தையோடு ஒரு சின்ன கிராமத்தில் தனியாக இருக்கிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஓடும் பஸ்ஸைத் தவிர அங்கே வேறு பஸ் கிடையாது. ஆஸ்பத்திரி இரண்டு மலை தாண்டி. வீட்டில் இருந்த பழைய காரை, ஓட்ட ஆளில்லாமல் எதற்கு என்று அமலன் போகும்போதே விற்றுவிட்டார். ஆமாம், ஜோவிதாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. "ஊருக்கெல்லாம் கத்துக்குடுத்தேன். எம் மவ மட்டும், ஒங்கிட்ட திட்டு வாங்க என்னால ஆவாதும்மான்னு எறங்கி ஓடிட்டா" என்பார் ஜெமிமா.

அங்கெல்லாம் ஆம்புலன்ஸ் போன் போட்டதும் வந்துவிடுமே மேடம் என்று ஒருநாள் நான் வாயை விட்டேன்.

"போன தடவ வந்துச்சு சார். வழி தப்பி எங்கெங்கயோ சுத்திட்டு வந்துச்சு. புள்ள தங்கல." டேஷ்போர்டில் ஒரு தட்டு விழுந்தது. நான் கிளட்சை மிதித்தேன். 

டிக்கெட் எடுத்தாயிற்று. விசா வந்தாயிற்று. வெளிநாட்டில் ஓட்டுவதற்கான லைசென்ஸும் வாங்கியாயிற்று. கார்டு மட்டும்தான் இல்லை. பேங்கில் போய்க் கேட்டால், உங்களுக்கு வருமானம் ஏது என்கிறார்கள். மகா அயோக்கியத்தனமான கேள்வி, ஆனால் பேப்பரில் அதுதான் உண்மை. ஸ்கூல் இஞ்ஞாசி பேரில். வரிக் கணக்கும் இஞ்ஞாசி பேரில். "எங்கப்பா குடுத்த காசுல வாங்குனதுதான் சார் மொத வண்டி. பேரு மட்டும் இவுங்க பேரு. அப்பல்லாம் அப்புடித்தானே." ஹவுஸ் ஒய்ஃபுக்கெல்லாம் கஷ்டம்மா என்று கையை விரித்த அந்த மேனேஜர், இவரிடம் கார் பழகியவர்தான். ரிவர்ஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று பெட்ரோல் பங்க் சுவரில் இடித்தவர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பேங்க் இஞ்ஞாசியை வீடு தேடி வந்து கார்டு கொடுத்துவிட்டுப் போனது. தங்க நிறத்தில் பளபளவென்று. ஜெமிமா அன்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். பிறகுதான் தெரிந்தது, கார்டு யார் பேரிலோ அவர்தான் டிரைவராக இருக்க வேண்டுமாம். சரி, இஞ்ஞாசிக்கே கற்றுக்கொடுத்து லைசென்ஸ் வாங்கிவிட்டால்? நான்கு நாள் கடற்கரைச் சாலை அதிர்ந்தது. "அவருக்குத் தட்டு பத்தாது சார், குட்டுதான்." ஐந்தாம் நாள் பிரான்சிலிருந்து இன்னொரு பெண், லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்றாள். இஞ்ஞாசி சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். "அந்த மனுசன் மூஞ்சில தெரிஞ்ச நிம்மதிய நீங்க பாக்கணுமே!"

ஊரில் யோசனைக்குப் பஞ்சமா? டீக்கடை அல்லா பிச்சை துபாயில் வண்டி ஓட்டியவர். "பாஸ்போர்ட்டக் குடுத்தா சாவியத் தந்துருவான் மேடம், நம்ம அப்புடித்தான் எடுப்போம்" என்றார். "அது எந்தக் காலம் பாய்" என்று டீயை வாங்கிக்கொண்டார் ஜெமிமா. சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு, "அலுத்துப்போச்சு சார்" என்றார். "காசு இல்லன்னா அழுதுட்டுப் போயிரலாம். இவ்வளவு வருசம் வெயில்ல கெடந்திருக்கேன். நான் வேலையே பாக்கலன்னு ஒருத்தன் சொல்றான். அவன் சொல்றதுதான் செல்லுது. அதான் வயிறு எரியுது. படுத்தாக்கூட கண்ண மூட முடியல. கண்ண மூடுனா எம் மவ வாசல்ல நிக்கிறா." என் கையில் இன்ஜின் அணைந்து அணைந்து போய்க்கொண்டிருந்தது. அன்று டேஷ்போர்டில் ஒரு தட்டுகூட விழவில்லை. அது தட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் வழி ஜோவிதாவின் பக்கத்து வீட்டுக்காரி மூலம் பிறந்தது. அடுத்த ஊரில் டிராக்டர் ரிப்பேர் செய்யும் ஒரு கிழவர், இரண்டு கார்களை வாடகைக்கு விடுகிறாராம். அவருக்குக் கார்டே வேண்டாம். உள்ளூர் பேங்க் செக் ஒன்றை ஜாமீனாகக் கொடுத்தால் போதும். ஜோவிதா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். எல்லாம் கூடி வந்தபோது, ஓட்டப் போகிறவர் இந்தியாவிலிருந்து வருகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரி உளறிவிட்டாள். கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நம் ஊர்ச் சாலைகளை அவர் போனில் நிறையப் பார்த்திருக்கிறார். ஓட்டிக் காட்டினால்தான் வண்டி என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் என் வகுப்பு நேரத்தில் ஜெமிமா ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தார். என்னை இடது பக்கம் ஏறச் சொல்லிப் போனைக் கையில் கொடுத்தார். "ஆட்டாம பிடிங்க சார், ரோடு தெரியணும். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. பயந்து மிதிச்சுப்புடாதீங்க." திரையில் ஒரு கட்டத்தில் ஜோவிதா, வயிற்றின் மேல் கையை வைத்தபடி. இன்னொரு கட்டத்தில் ஒரு வெள்ளை மீசை, அதன் மேல் பாதி மூக்கு.

"பொன்ழூர் முசியே" என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்தார் ஜெமிமா, பள்ளிக்கூடத்தில் படித்ததை ஞாபகப்படுத்தி. வண்டி கிளம்பியது.

பாரதியார் சாலையில் காரைக்கால்மேட்டு மீன்கூடைகளோடு ஓர் ஆட்டோ கையைக்கூடக் காட்டாமல் திரும்பியது. ஜெமிமா அதற்கு வழி விட்டது எனக்கே தெரியவில்லை. திருமலைராயன்பட்டினத்தில் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டு, சைக்கிள்கள் தெருவை அடைத்துக்கொண்டு வந்தன. ஓர் ஆடு நிதானமாகக் குறுக்கே போனது. அவர் ஒருமுறை கூட ஹாரன் அடிக்கவில்லை. கீழவாஞ்சூரை நெருங்கியபோது, நிலக்கரி லாரி ஒன்றை முந்திக்கொண்டு இன்னொரு லாரி எங்கள் முகத்துக்கு நேராக வந்தது. நான் "ஐயையோ" என்று அலறிவிட்டேன். ஜெமிமா மண்ணில் இறங்கி, மறுபடி தார்ச்சாலையில் ஏறினார். சேலைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

மீசை ஏதோ கேட்டது. ஜோவிதா சிரித்தாள். "கத்துறது யாருன்னு கேக்குறாரும்மா."

"ஸ்டூடன்ட்டுன்னு சொல்லு."

கிழவர் விடவில்லை. ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்னார். துறைமுகச் சாலை ஓரத்தில் நின்ற இரண்டு லாரிகளுக்கு நடுவே, நானாக இருந்தால் சைக்கிளைக்கூட நுழைக்கத் தயங்கும் இடத்தில், ஜெமிமா ஒரே மூச்சில் வண்டியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மீசை அசையவில்லை. பிறகு நீளமாக எதையோ சொன்னது.

"அம்மா, அங்க ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும், அது ஒனக்குச் சரிப்படுமான்னு கேக்குறாரு."

"இருவது வருசமா இடது பக்கந்தான் ஒக்காந்திருக்கேன்னு சொல்லு."

ஜோவிதா சொன்னாள். முதல் தடவையாக மீசைக்கு மேலே கிழவரின் முழு முகமும் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். சுருக்கமாக ஏதோ சொன்னார்.  ஜோவிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிங்கறாரும்மா. வண்டிய நீ எறங்குற ரயில் ஸ்டேஷனுக்கே கொண்டாந்து நிறுத்துறேங்கறாரு. நீ வந்துரும்மா" என்றாள்.

"வர்றேன்டி. அழுவாத, புள்ளைக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு, போனை அணைக்கும்படி எனக்குச் சைகை காட்டினார்.

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். சந்தோஷப்படுவதற்குக்கூட அதில் தெம்பு இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி லாரிக்காரர்கள் டயரைத் தட்டிப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"மாறிக்குங்க சார். ஊர் வரைக்கும் நீங்களே ஓட்டுங்க."

"இந்த ரோட்டுலயா மேடம்?"

"ஓட்டுங்க."

மாதாவே என்று, நான் கிறிஸ்தவனாக இல்லாவிட்டாலும், மனதுக்குள் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன். முதல் கியர். இரண்டாவது. வளைவு தாண்டியதும் எதிரே கரி லாரிகள் வரிசையாக வந்தன. "மேடம்" என்றேன்.  மறுபடி கூப்பிட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். ஜெமிமா செருப்பைக் கழற்றியிருந்தார். பிரேக்கை விட்டு இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் மேல் மடக்கி, சேலையை இழுத்துப் பாதங்களை மூடி, ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.