பனிக்குள் பதினொரு மொட்டுகள்

கடந்த செவ்வாய் காலை ஹேர்னிங்கிலிருந்து லீலா அக்காவின் மகள் அழைத்தாள். டேனிஷில் தொடங்கியவள் பாதியில் அழுது தமிழுக்கு வந்தாள்: "மாமி, அம்மா போயிட்டா." தையல் ஆலையில் இருபது ஆண்டுகள் என் பக்கத்து இயந்திரத்தில் இருந்தவர். எனக்குச் சொல்லாமல் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும். போர் முடிந்த ஆண்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியாது. வன்னியிலிருந்த தம்பி ரவியைப் பற்றி வைகாசிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஐப்பசியில் உறவினர்கள் அக்காவின் வீட்டில் கூடி, அவன் இறந்துவிட்டதாக எண்ணி அந்தியேட்டிச் சடங்கைச் செய்துவிடலாம் என்றார்கள். அக்காவின் கணவர், அத்தான், மெதுவாகத்தான் கேட்டார்: "இன்னும் எத்தினை மாசம் பாக்கிறது, லீலா?"

"நீங்கள் ஆரும் கண்டனீங்களே? காணாமல் நான் செய்யமாட்டன்."

சொல்லிவிட்டுப் பின்தோட்டத்துக்குப் போய், வாங்கி வைத்திருந்த எரான்டிஸ் கிழங்குகளை நட்டார். குளிர்காலம் முடியுமுன்பே மலரும் சிறிய மஞ்சள் பூ அது. பக்கத்து வீட்டு டேனிஷ் மூதாட்டி கிர்ஸ்டன் வேலிக்கு மேலால் பார்த்து, இவ்வளவு காய்ந்த கிழங்கு முளைக்காது என்றாராம்.

அந்தக் குளிர் கடுமையாக இருந்தது. மார்கழியில் ஒருநாள் தையல் ஊசி அவர் விரலில் ஏறியது. துணித்துண்டால் விரலைச் சுற்றிக்கொண்டு தைத்துக்கொண்டே இருந்தார்.

மாசியில் ஒரு சனிக்கிழமை அழைத்தார். "உடனை வா." கெட்ட செய்திதான் என்று பயந்து, நான் இருக்கும் பக்கத்து ஊரான பிராண்டேயிலிருந்து காரை ஓட்டினேன். அக்கா அத்தானின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் குந்தியிருந்தார். வெறுங்கையால் பனியை விலக்கினார். பச்சை இலைகளுக்கு நடுவே மஞ்சள் மொட்டுகள். பதினொன்று எண்ணினோம். "முளைக்காதாம்!" என்று சிரித்தார். ஒன்பது மாதங்களில் அன்றுதான் அவர் சிரிக்கக் கண்டேன்.

அடுத்த புதன்கிழமை வேலை முடிந்து, எத்தனை விரிந்தன என்று பார்க்க அவரோடு போனேன். தோட்டத்தில் நிற்கும்போது அக்காவின் கைபேசி அடித்தது.

"அக்கா, ரவி கதைக்கிறன்."

எனக்கும் கேட்டது. நம்பர் எழுதிய கொப்பி ஓட்டத்தில் தொலைந்துபோனதாம். போர் முடிந்ததும் அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே விட்டபிறகு, யாழ்ப்பாணத்தில் ஓர் உறவினரிடம் தேடி எடுத்தானாம். "காயம் கீயம் இருக்கோடா?" என்று நாலு தரம் கேட்டார் அக்கா. அத்தான் வெறுங்காலோடு ஓடிவந்து விம்மினார். "அழாதையுங்கோ, போய்த் தேத்தண்ணி வையுங்கோ" என்றார் அக்கா அவரிடம்.

பிறகு வேலிப் பக்கம் திரும்பினார். டேனிஷ் பேசக் கூச்சப்பட்டு, ஆலையில் எதற்கும் என்னை முன்னால் தள்ளிவிடுகிறவர், தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார்: "ஹான் லீவர்! ஹான் லீவர்!" அவன் உயிரோடு இருக்கிறான். கிர்ஸ்டன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். எதிர்வீட்டு யன்னல்களும் திறந்தன. அக்கா நிறுத்தவில்லை.

லீலா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குரலை.