பின்கோடு ஆளைப் பிழைக்க வைக்குமா? திருப்பூர் வழியாக வெள்ளகோவில் வரை

2007 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை போன பயணம் இது. சுற்றுலா இல்லை. எம்.இ. கடைசி வருட ப்ராஜெக்டுக்காக, சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களில் யார் எத்தனை காலம் நன்றாக இருப்பார்கள் என்று கணிக்கும் டேட்டா மைனிங் ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். வயது, ரத்தப் பரிசோதனை எல்லாம் கொடுத்தால், அது பின்கோடைப் பிடித்துக்கொண்டது: வெள்ளகோவில் பக்கத்து ஆளா, பிழைத்துக்கொள்வார். "அபத்தம். பின்கோடைத் தூக்கிவிடு" என்றார் கைடு. காரணம் தெரியாமல் எதையும் தூக்க எனக்குப் பிடிக்காது. கோவை மருத்துவமனையில் விசாரித்தேன். அந்தப் பக்கத்துக்காரர்கள் ஐந்து பேரும் செக்கப்புக்கு ஒரே நாளில் சேர்ந்துதான் வருவார்களாம். அவர்களோடேயே பஸ் ஏறிவிட்டேன்.

கோவையிலிருந்து திருப்பூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கே மாறி 3.40 வெள்ளகோவில் வண்டி. டிக்கெட் பதினாறு ரூபாய். பனியன் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. ஐவரும் முன்சீட்டுகளைப் பிடித்திருந்தார்கள். பின்சீட்டில் உட்கார்ந்து வண்டி தூக்கிப் போட்டால் தையல் போட்ட வயிறு தாங்காது.

வண்டி நகர்ந்ததும், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் சாந்தி அக்கா, முன்னாலிருந்த பழனிச்சாமியைத் தொட்டார். அவர் காங்கேயத்தில் விசைத்தறி வைத்திருப்பவர்.

"அண்ணா, எனக்கு இன்னைக்கு ராத்திரிக்கு மட்டுந்தானுங்க மாத்திரை இருக்குது. ஆஸ்பத்திரிக் கடைலயே ஸ்டாக் இல்லையாம். வெள்ளிக்கிழமதான் வருமாம்."

உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காமல் இருக்க அந்த மாத்திரை தினமும் வேண்டும். விட்டால் ஆபரேஷனே வீணாகலாம். "டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டாமா?" என்று கத்தினேன்.

"சொன்னனுங்க தம்பி. ஒரே மருந்து, ஒரே பவர்னா அண்ணங்கிட்ட வாங்கிக்கன்னு அவர்தான் சொன்னாருங்க. மெதுவாப் பேசுங்க, டிரைவர் பயந்துக்கப் போறாரு."

பழனிச்சாமி இரண்டு பேருடைய மாத்திரை அட்டைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு முறை படித்தார். சாந்தி அக்கா பிசிறு வெட்டும் ட்ரிம்மரை எடுத்துக் கொடுக்க, தன் அட்டையில் பாதியை வெட்டி நீட்டினார்.

"அம்மிணி, வட்டியோட திருப்பிக் குடுக்கோணும்."

"வட்டிக்கு எங்கிட்ட இருக்கறது இதொண்ணுதானுங்ணா" என்று புதுச் சிறுநீரகம் இருக்கும் அடிவயிற்றைத் தட்டிக் காட்டினார் அவர். ஐந்து பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் ப்ரோகிராமில் ஒவ்வொருவரும் தனித்தனி வரி. ஒரு வரி இன்னொரு வரியைத் தாங்கிப் பிடிப்பதை எங்கே போடுவது?

பின்கோடைத் தூக்காமல் காரணத்தையும் எழுதினேன். "இது கதை, டேட்டா இல்லை" என்று தேர்வாளர் மார்க்கைக் குறைத்தார். குறைக்கட்டும். இப்போது சென்னையில் ஏதோ ஒரு பேங்குக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறேன். அந்த ப்ரோகிராம் எந்த சிடியில் இருக்கிறதோ தெரியாது. அந்த 3.40 வண்டி மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: திருப்பூர் ஸ்டாண்டில் டீ குடிக்காதீர்கள், காங்கேயத்தில் பத்து நிமிடம் நிற்கும். ஆட்களின் விவரத்தை வைத்து ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் ஒரு தடவையாவது அவர்களோடு ஊர்வரை போய்வாருங்கள்.

அந்தப் பயணத்துக்கு அடுத்த மாதம், எந்த வேலையும் இல்லாமல் அவர்களோடு மறுபடி போனேன். சாந்தி அக்கா கைக்குட்டை போட்டு எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார்.

"என்ன தம்பி, எங்கள எண்ணிப் பாக்க வந்தீங்களாக்கும்?"

"ஆமாங்க."

"அஞ்சு பேரும் இருக்கறமுங்க. எழுதிக்குங்க."