மிளகாய் தொடாமல் சிதம்பரம் வரை

சென்ற தை மாதம், உறவுக்காரக் கல்யாணத்துக்காகக் கடலூர் போயிருந்தோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, மாலையில் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்ததும் எனக்குச் சுதந்திர உணர்ச்சி பொங்கிவிட்டது. கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த எதையும் தொடாமல் என்னால் ஒரு நாள் இருக்க முடியும் என்றேன். கையில் மிளகாய் பஜ்ஜியை வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

என் மனைவியின் தம்பி குமரன் விடவில்லை. "நாளைக்குச் சிதம்பரம் போறோம்ல மாமா? பொழுது சாயறவரிக்கும் தாங்குங்க பாக்கலாம். தோத்தா மீசைய எடுத்துரணும்."

பதினெட்டு வருட மீசை. சிதம்பரம் போய்வந்த மறுநாளே கல்யாணம், வீடியோ வேறு. வாய்க்கொழுப்பில் ஒப்புக்கொண்டேன்.

காலையில் ஓட்டலில் பூரிக்கு உருளைக்கிழங்கு, சாம்பாரில் தக்காளி, சட்னியில் மிளகாய். மூன்றுமே கப்பலில் வந்தவை. இட்லிக்கு நல்லெண்ணெய் மட்டும் கேட்டேன்.

"உடம்பு முடியலீங்களா? கஞ்சி வெக்கச் சொல்லட்டா?" என்றார் பரிமாறியவர், உண்மையான அக்கறையோடு.

பேருந்து ஜன்னலில் கொய்யா, வேர்க்கடலை, வறுத்த முந்திரி வந்தன. எல்லாம் போர்ச்சுகீசியர் உபயம் என்று குமரன் அறிவித்துவிட்டு எல்லாவற்றையும் வாங்கித் தின்றான். வெள்ளரிக்காய் நம்முடையது என்று பாய்ந்தேன். அதற்குள் விற்கிற அம்மா மிளகாய்ப்பொடியைத் தடவிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது.

சிதம்பரம் கீழவீதியில் சம்பா சாதம் கிடைத்தது. மிளகு, சீரகம், நெய். இத்தனை நூற்றாண்டுகளாக மிளகாயை உள்ளே விடாத சோறு! கூடவே வந்த கத்திரிக்காய் கொத்சுவில் காய்ந்த மிளகாய் மிதந்ததால் தள்ளி வைத்தேன்.

"கொத்சு இல்லாம எப்டிங்க எறங்கும்?" என்றார் கடைக்காரர். இறங்கியது. இரண்டு தட்டு இறங்கியது.

ஐந்தரை மணிக்குக் குமரன் கைகூப்பினான். "கெலிச்சிட்டீங்க மாமா. ஒத்துக்கறேன். வாங்க, ஒரு டீ அடிக்கலாம்."

நம் ஊரில் சண்டை முடிந்தாலும் டீ, சமாதானம் ஆனாலும் டீ. மறுத்துப் பழக்கமில்லை. பாதி கிளாஸ் குடித்த பிறகுதான், இவன் ஏன் செல்போனில் என்னைப் படமெடுக்கிறான் என்று யோசித்தேன். டீயும் கப்பலில் வந்ததுதான். மேற்கே சூரியன் இன்னும் பளிச்சென்று இருந்தது.

போகிறவர்களுக்கு: கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், பேருந்துகள் நிறைய உண்டு. கொத்சுவை ஒதுக்காதீர்கள். கோட்டையைக் காலி செய்தவர்கள் அடுப்படியைக் காலி செய்யவில்லை. மிளகாயை அவர்களுடையது என்று நினைப்பதும் வீண், அது இப்போது நம் வீட்டுப் பிள்ளை.

மழித்த முகத்தோடு மண்டபத்துக்குப் போனேன். என் மனைவி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"அப்டியே வெள்ளக்காரத் தொர மாதிரி இருக்கீங்க," என்றாள்.