கந்தப்பன் அடித்த முளை

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காட்டில் கந்தப்பன் ஆட்டுப்பட்டியை ஓரிடத்தில் தங்க விடமாட்டார். மூணு நாலு நாளைக்கொரு தரம் மூங்கில் படல்களைப் பிடுங்கித் தள்ளிக் கட்டுவார். புழுக்கையும் மூத்திரமும் காடு பூராவும் பரவினால்தானே புல்லு நிரவலாக வரும்!

தொண்ணூற்றாறாம் வருசக் கோடையில் அப்படிக் கட்டி முடித்து, மூலை முளையை அறைந்துவிட்டு, மரச் சுத்தியலான கொட்டாப்புளியும் கையுமாகச் சாய்ந்தார். நெஞ்சுவலி. அத்தோடு சரி.

சம்சாரம் ராசாத்தாளுக்கு மிஞ்சியது அவர் கன்றிலிருந்து வளர்த்த சினை மாடு மயிலையும், அந்தப் பட்டியும்தான்.

"நங்கை, பட்டிய மாத்திக் கட்டலாமுங்க. நெடி கண்ணைக் கரிக்குது" என்றான் கொழுந்தன் கருப்புசாமி.

"அவரு அடிச்ச முளைங்க. ஒருத்தரும் கை வெக்கப்படாது."

காரணத்தை வெளியே சொல்ல முடியுமா? பொழுது சாய்ந்தால் கொட்டாப்புளிச் சத்தம் கேட்கும். டொக், டொக். ஆடுகள் அத்தனையும் மூலை முளைப் பக்கமே தலையைத் திருப்பும். அங்கே ஈ காக்கா இருக்காது. அவளுக்குப் பயம்தான். ஆனாலும் படலைப் பிடுங்கினால் சத்தமும் போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிசு.

ஐப்பசி மழை கொட்டியது. மாசக்கணக்காகச் சேர்ந்த எருவின் சாறு சரிவில் ஓடி, பட்டிக்குக் கீழே புல் கருகருவென்று எழும்பியது. 'மயிலைக்கு அவரே அனுப்பினது' என்று நினைத்தாள் பைத்தியக்காரி! பசித்த மாட்டைக் கொண்டுபோய் அங்கேயே கட்டி மேய்த்தாள்.

மத்தியானம் மயிலை தள்ளாடியது. நாக்கு நீலம் பாரித்தது. மாட்டு டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயிற்றுக் கன்றும் போச்சு.

"ஒரே எடத்துல இத்தனை எருவாம்மா? பாதி சத்து ஆவியாப் போயிருக்கும். மீதி இந்தப் புல்லுல ஏறி நைட்ரேட் விஷமாயிருச்சுங்க" என்றார் டாக்டர்.

ராசாத்தாள் நேரே மூலை முளைக்குப் போய் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

"ஏனுங்க! நீங்க வளத்துன மாட்டை நானே கொன்னுபோட்டனுங்க. இன்னும் எதுக்குப் புடிச்சுட்டிருக்கீங்க? உடுங்க!"

முளை கையோடு வந்தது.

அவருடைய கொட்டாப்புளியையும் எடுத்துக்கொண்டு படல்களை மேட்டுக்கு இழுத்துப் போனாள். பொழுது சாய்கிற நேரம் காட்டில் கொட்டாப்புளிச் சத்தம் கேட்டது. ஆடுகள் எல்லாம் தலையைத் திருப்பின. இந்தத் தரம் அவை பார்த்தது ராசாத்தாளைத்தான்.