பங்கு வைக்க முடியாத குலுக்கை

வீட்டைப் பாகம் பிரித்தபோது அண்ணன் தம்பி இருவரும் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் சுவர் எழுந்தது. ஆட்டுரல் அந்தப் பக்கம் போனது, அம்மி இந்தப் பக்கம் வந்தது. குலுக்கையை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது வளையம் வளையமாக மண் வைத்து உள்ளறைக்குள்ளேயே கட்டி எழுப்பியது. ஆள் உயரத்துக்கு மேல் நின்று, மேலே தானியத்தைக் கொட்டிக் கீழே ஒரு துவாரத்தின் வழியாக எடுக்கும் மண் களஞ்சியம். வாசல் வழியாக அதை வெளியே கொண்டுவர முடியாது, உடைத்தால்தான் உண்டு. என் மாமனார் வெற்றிலையை மடித்தபடியே, “அத உடைக்க எனக்கு மனசில்ல. ரெண்டு வீட்டாளுகளும் பொழங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டார். ஆகவே அந்த அறைக்கு மட்டும் இரண்டு வாசல்கள். ஒன்று என் வீட்டுக்குள் திறக்கும், இன்னொன்று என் கணவரின் அண்ணன் மனைவி வீட்டுக்குள் திறக்கும். உறவில் எனக்கு ஓரகத்தி, வாய் நிறைய நான் கூப்பிட்டது அக்கா என்று.

பந்தல்குடியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. வானம் பார்த்த கரிசல். புரட்டாசியில் மழை இறங்கினால் விதைப்பு, தையில் அறுப்பு. அந்த ஒரு அறுப்பில் வந்ததை அடுத்த தை வரைக்கும் காப்பாற்றி வைத்துக்கொள்பவள்தான் இங்கே குடும்பப் பெண். நானோ அருப்புக்கோட்டைக்காரி. அப்பா தறியில் இருந்தார், அரிசி பருப்பெல்லாம் தெருமுனைக் கடையிலிருந்து பொட்டலமாக வீட்டுக்கு வரும். கல்யாணமாகி வந்த புதிதில், துவரையில் எதற்குச் செம்மண்ணைக் குழைத்துப் பூசுகிறார்கள் என்று கேட்டு ஊரையே சிரிக்க வைத்தேன். மண் கட்டிக் காய வைத்தால் வண்டு அண்டாது, தோலும் லேசாகக் கழன்று வரும் என்று அக்காதான் விளக்கினார். விளக்கிவிட்டு, “டவுனு மருமக, மண்ணக் கழுவாம ஒலையில போட்டுறாத” என்று ஒரு குத்தும் குத்தினார். அந்த வாய் எனக்குப் பிடித்திருந்தது. பிறந்த வீட்டில் அக்கா தங்கை இல்லாமல் வளர்ந்தவள் நான்.

அந்த அறையில் குலுக்கையைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாகப் பானைகள் இருக்கும். கம்பு, உளுந்து, தட்டாம்பயறு, எள். உறிப்பானைகளில் சீனியவரை வத்தலும் மிதுக்கு வத்தலும். எல்லாப் பானையிலும் வேப்பிலையும் சாம்பலும் கலந்திருக்கும், எல்லாப் பானை வாயையும் சாணி பூசி மூடியிருக்கும். எது தின்பதற்கு, எது விதைக்கு என்று வெளியே இருந்து தெரியாது. அதற்காக விதைப்பானையின் கழுத்தில் அக்கா சுண்ணாம்பால் மூன்று புள்ளி வைப்பார். புள்ளி இருந்தால் யாரும் தொடக்கூடாது. பட்டினி கிடந்தாலும் கூடாது. அவற்றில் ஒரு பானை குதிரைவாலி விதை. நரிக்குடிப் பக்கம் இருக்கும் தன் பிறந்த வீட்டிலிருந்து, கல்யாணத்தின்போது அக்கா மடியில் கட்டிக்கொண்டு வந்த விதை அது. ஒவ்வொரு அறுப்பிலும் வயலுக்குள் தானே நடந்து, நல்ல கதிராகப் பார்த்துப் பறித்து, தனியாகக் காயவைத்து, ஒரு மணியைப் பல்லில் கடித்து ‘டக்’கென்று உடைகிறதா என்று பார்த்த பிறகே பானைக்குள் போடுவார். பிறந்த வீட்டில் அவருடைய தம்பி விவசாயத்தை விட்டு நாளாகியிருந்தது. அந்த விதை அப்போது எங்கள் உள்ளறையில் மட்டும்தான் இருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வந்த கொஞ்சத்தில் நல்லதையெல்லாம் அக்கா விதைக்கு வைத்துவிட்டார். பங்குனிப் பொங்கலுக்கு ஊரே வெள்ளையடித்தது. டவுன் மருமகள் என்ற பெயரை அழித்துக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். அக்காவும் மற்றவர்களும் கோயில் வேலையில் இருந்த பகலில், உள்ளறைக்குள் புகுந்து ஒட்டடை அடித்து, குலுக்கையையும் எல்லாப் பானைகளையும் ஈரத்துணியால் துடைத்து, அழகாகச் செம்மண் பூசிவிட்டேன். அறை கோயில் மாதிரி இருந்தது. அக்கா வந்து எட்டிப் பார்த்து, “பரவால்லையேடி” என்றார். வாசலிலிருந்தே பார்த்துவிட்டுப் போனதால், விதைப்பானைக் கழுத்தில் புள்ளிகள் அழிந்துபோனது அவர் கண்ணில் படவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. பாராட்டு வாங்கிய குஷியில் எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை.

ஆடியில் அக்காவின் அப்பா இறந்துபோனார். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் உறவுக்காரர்கள் சமைத்துக் கொண்டுபோவது வழக்கம். வெறுங்கையோடு போக எனக்கு மனம் வரவில்லை. உள்ளறையில் ஒரு பானையைத் திறந்தேன். குதிரைவாலி. மணி நல்ல திரட்சியாக இருந்தது. அந்தத் திரட்சியைப் பார்த்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்ததோ சந்தோஷம். உரலில் குத்திப் புடைத்து, சோறாக்கி, பருப்புத் துவையல் அரைத்து, தூக்குச்சட்டியில் அடைத்துத் திருச்சுழி வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தவர் அக்கா. என் கையால் உருட்டிக் கொடுத்த நாலு வாய் சாப்பிட்டார். “சோறு நல்லாருக்குடி. எங்க அய்யாவுக்கு ரொம்பப் பிடிக்கும் இது” என்று சொல்லி அழுதார். வந்திருந்தவர்களுக்கும் மிச்சத்தைப் பகிர்ந்து கொடுத்தோம். அடுத்த வாரத்தில் எங்கள் வீட்டுத் தேவைக்கு, பானையில் மிஞ்சியிருந்ததையும் கஞ்சி வைத்துத் தீர்த்தேன்.

புரட்டாசியில் முதல் மழை விழுந்த மறுநாள் காலை அக்கா விதைப்பானையைத் தேடினார். நான் என் பக்கத்து வாசலில் நின்றேன். அவர் ஒவ்வொரு பானையாகத் திறந்து கைவிட்டுப் பார்த்தார். கடைசியில் வெறும் பானை ஒன்றின் அடியில் கொஞ்சம் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் கையில் வந்தன. திரும்பி என்னைப் பார்த்தார். துக்க வீட்டுச் சோறு இருவர் நினைவிலும் அந்த நேரத்தில்தான் வந்திருக்க வேண்டும். அவர் திட்டியிருந்தால் அழுது காலில் விழுந்திருப்பேன். அவர் திட்டவில்லை. பானையை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் தன் வாசல் வழியாகப் போய்விட்டார். வையட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்று முதல் பதினைந்து வருஷம் அக்கா என்னோடு பேசவில்லை.

பேசாமல் எப்படி ஒரே குலுக்கையைப் புழங்கினீர்கள் என்று கேட்பார்கள். அதற்கென்ன, கோழி இருந்தது. மேற்கே மேகம் கூடினால் அக்கா முற்றத்தில் நின்று, “ஏ கோழி, உளுந்து வெளிய காயுது. எடுத்து வைக்கிறவுக எடுத்து வைக்கலாம்” என்பார். நான் பூனையைப் பார்த்து, “எடுத்தாச்சு, எடுத்தாச்சு. எல்லாருக்கும் கண்ணு இருக்கு” என்பேன். கோழியும் பூனையும் எங்கள் வீட்டில் படாத பாடு பட்டன. வேலை மட்டும் நிற்கவில்லை. அவர் துவரையைக் கொட்டினால் நான் செம்மண்ணைக் கரைப்பேன். வத்தலுக்கு நான் நறுக்கி வைத்த காயை அவர் வெயிலில் பரப்புவார். குலுக்கையின் மேலே ஏறி நின்று நான் கூடை கூடையாகக் கம்பைக் கொட்டும்போது கீழிருந்து தூக்கிக் கொடுக்கும் கை அவருடையது. கூடை கைமாறும்போது விரல்கள் படும். அப்போதெல்லாம் ஒரு வார்த்தை வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று காத்திருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். ‘அடிப் பாவி’ என்று இருந்தால்கூடப் போதும்.

அக்காவின் வீட்டுக்காரர் முதலில் தவறினார். அவருடைய மகன் திருப்பூரில் தங்கிவிட்டான். பிறகு என் கணவரும் போய்ச் சேர்ந்தார். அன்றைக்காவது பேசுவார் என்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் எதிர்பார்த்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பதினாறு நாளும் என் வாசலில் சோறு வந்து இருந்தது. வார்த்தை வரவில்லை. வந்த கூட்டம் கலைந்த பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் எனக்குக் கேட்கும். என்னுடைய இருமல் அவருக்குக் கேட்டிருக்கும். இரண்டு அடுப்பில் இரண்டு பிடி அரிசி வெந்தது.

கோயம்புத்தூரிலிருந்து மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் எனக்கும் வெறுத்துவிட்டது. இந்த மனுஷி இனி எந்தக் காலத்திலும் பேசப் போவதில்லை, யாருக்காக இங்கே கிடக்கிறோம் என்று தோன்றியது. பெட்டியைக் கட்டினேன். கோழியிடம், “நான் மக வீட்டோட போறேன். திரும்பி வார யோசனை இல்ல” என்று உரக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் முறத்தில் புடைக்கும் சத்தம் நின்றது, பிறகு தொடர்ந்தது. அவ்வளவுதான் மரியாதை என்று எண்ணிக்கொண்டு பந்தல்குடிக்கு நடந்தேன்.

ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தபோது, தூத்துக்குடி லாரிகள் கிளப்பிய புழுதிக்குள் அக்கா வருவது தெரிந்தது. செருப்பில்லை. சேலையெல்லாம் கம்புத் தூசி. மூச்சு வாங்கியது. என் முன்னால் வந்து நின்று, பதினைந்து வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

“நீ போயிட்டா நான் யாருகிட்டடி பேசாம இருப்பேன்?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குள் பஸ் வந்து நின்றுவிட்டது. கண்டக்டர், “ஏறுறீகளா இல்லையாம்மா?” என்று சத்தம் போட்டார். “ஏறல. நீங்க போங்க” என்று எனக்கும் சேர்த்து அக்காவே பதில் சொன்னார். என் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வீடு வரைக்கும் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். நிறையப் பேசிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். பழக்கம் விட்டுப்போயிருந்தது. “வெயில் நல்லாருக்கு”, “வத்தலத் திருப்பிப் போடு”, “கால் வலிக்குது” என்ற அளவில்தான். விதையைப் பற்றி அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போன ஆனியில் ஒரு பகலில், உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் சுவரில் சாய்ந்தார், அப்படியே அடங்கிவிட்டார். மகன் வந்து காரியம் முடித்து, வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளறையின் அந்தப் பக்கத்து வாசல் இப்போது திறப்பதில்லை.

இந்தக் கோடையில் தனியாக மோர் மிளகாய் போட்டேன். மிளகாயைக் கீறி, மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, எல்லாம் எப்போதும்போலத்தான் செய்தேன். பானையில் அடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, திறந்தால் பூசணம். மகளுக்கு அனுப்பியதும் அப்படியே. போனில் கேட்டாள், “அம்மா, உப்புப் போட மறந்துட்டியா?” மறக்கவில்லை. எப்போதும் போடுகிற அளவுதான் போட்டேன். போனை வைத்த பிறகு யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பேச்சு நின்ற முதல் வருஷம், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே பானையில் போட்ட மோர் மிளகாய் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. நான் உப்புப் போட்டதை அவர் அறியவில்லை, அவர் போட்டதை நான் அறியவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் நானாகப் பாதியைக் குறைத்துக்கொண்டேன். அவரும் தானாகப் பாதியைக் குறைத்திருக்கிறார். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் மோர் மிளகாய் சரியாகவே இருந்தது. என் கைப்பக்குவம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். பாதி அவருடைய கை என்பது எனக்கு மறந்தே போய்விட்டது.

பூசணம் பிடித்ததைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, புது மிளகாய் வாங்கி மறுபடி மோரில் போட்டேன். ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டேன். இரண்டாவது கைப்பிடியை அள்ளியவள் போட முடியாமல் நின்றுவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்று பதினைந்து வருஷம் ஏங்கியவள் நான். ‘தெரியாமச் செஞ்சுட்டேன்க்கா’ என்று நான் சொல்வேன் என்று அவரும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருந்திருப்பார் என்பது, உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. பூட்டிக் கிடந்த வாசலைப் பார்த்துச் சொன்னேன். ஒரு தடவை சொன்னால் போதுமா என்று தெரியாமல் இன்னொரு தடவையும் சொன்னேன். உப்பு என் உள்ளங்கை ஈரத்தில் கரைந்துகொண்டிருந்தது.